ஏழு புள்ளி, ஒன்று வரை: ஜாவாவில் எண் கோலங்கள்

கணினிப் பாடம் படிக்கும் முதலாண்டுத் தம்பி தங்கைகளைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "அக்கா, ஜாவாவில் எண்களை முக்கோணமாகவும் வைரமாகவும் அச்சிடச் சொல்கிறார்கள். ஒரு சுழற்சிக்குள் இன்னொரு சுழற்சி வந்தாலே தலை சுற்றுகிறது. என்ன செய்வது?"

அப்படித் தலை சுற்றியவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அது தெளிந்த விதத்தை இங்கே சொல்கிறேன். கணினி படிக்காதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது புள்ளிக்கோலம் போடுபவராக இருந்தால், இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு முன்பே தெரியும்!

கோட்டைவிட்ட கதை

2004ஆம் ஆண்டு ஜூரோங் மேற்கிலுள்ள நம் வளாகத்தில் நான் முதலாண்டு மாணவி. வீடும் ஜூரோங் மேற்கில்தான். ஜாவா ஆய்வுக்கூடத் தேர்வில் எண் வடிவங்கள் வரும் என்று தெரிந்ததும், சீனியர் ஒருவரின் குறிப்பேட்டை வாங்கி அதிலிருந்த ஆறு வடிவங்களின் நிரல்களையும் அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்தேன். தேர்வில் வந்ததோ ஏழாவது வடிவம். மேலே குறுகி, நடுவில் விரிந்து, கீழே மறுபடியும் குறுகும் வைரம்.

எனக்குத் தெரிந்த முக்கோணத்தை எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். நேரம் முடிந்தபோது திரையில் உருப்படியாக எதுவும் இல்லை. மதிப்பெண் பூஜ்யம். 'இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டி, துறை மாற்றத்துக்கான விண்ணப்பப் படிவத்தையும் வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். ஜூரோங் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்த அம்மாவிடம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சுழற்சி என்பது என்ன?

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கணினிக்கு இடும் கட்டளைதான் சுழற்சி. ஆங்கிலத்தில் 'லூப்' என்பார்கள். தமிழகப் பாடநூல்களில் 'மடக்கு' என்ற சொல்லும் உண்டு. நம் மாணவர்களுக்கு இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பூன் லே பேருந்து முனையத்திலிருந்து புறப்பட்டு வளாகத்துக்கு வந்து மீண்டும் பூன் லேக்கே திரும்பும் 179ஆம் எண் பேருந்து அன்றாடம் செய்வது அதைத்தான்.

ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சுழற்சிக்கு நம் அடுக்குமாடி வீடுகளே நல்ல எடுத்துக்காட்டு. மாணவப் பருவத்தில் கைச்செலவுக்காக வீவக புளோக்குகளில் துண்டு விளம்பரங்கள் போட்டிருக்கிறேன். மின்தூக்கியில் உச்சி மாடிக்குப் போக வேண்டும். அந்த மாடியில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒவ்வொரு கதவாகப் போட வேண்டும். பிறகு படியிறங்கி அடுத்த மாடி. மறுபடியும் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை. 12 மாடி, மாடிக்கு 8 வீடு என்றால் 96 தாள்கள்.

இதில் மாடி வெளிச்சுழற்சி, வீடு உட்சுழற்சி. இரண்டு விஷயங்களை நன்றாகக் கவனியுங்கள். முதலாவது, ஒரு மாடியின் வீடுகள் அத்தனையும் முடிந்த பிறகுதான் மாடி மாறுகிறது. இரண்டாவது, மாடி மாறியதும் வீட்டுக் கணக்கு மறுபடியும் 1இலிருந்து தொடங்குகிறது. இந்த இரண்டும் மனத்தில் பதிந்துவிட்டால் உட்சுழற்சி குறித்த அச்சம் பெரும்பாலும் போய்விடும்.

முதல் நிரல்

ஜாவா, 1995ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட கணினி மொழி. 2010இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. இது தமிழ் இதழ் என்பதால் ஜாவாவின் கட்டளைச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஆனால் 'வரி', 'எண்' என்று நான் மாறிகளுக்கு வைத்த பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம். ஜாவா ஒருங்குறியை ஏற்கும் மொழி. கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் போதும்.

ஃபார் (இன்ட் வரி = 1; வரி <= 4; வரி++) {
    ஃபார் (இன்ட் எண் = 1; எண் <= வரி; எண்++) {
        சிஸ்டம்.அவுட்.பிரின்ட்(எண் + " ");
    }
    சிஸ்டம்.அவுட்.பிரின்ட்எல்என்();
}

இதை இயக்கினால் வருவது:

1
1 2
1 2 3
1 2 3 4

'பிரின்ட்' என்றால் அச்சிட்டுவிட்டு அதே வரியில் நில் என்று பொருள். 'பிரின்ட்எல்என்' என்றால் அச்சிட்டு முடித்து அடுத்த வரிக்கு இறங்கு என்று பொருள். துண்டு விளம்பர வேலையில் மாடிப்படி இறங்குவதுதான் இது. அதனால்தான் அது உட்சுழற்சியின் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிறது. அதைத் தவறி உள்ளே வைத்துவிட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாடி இறங்குவது போல ஒவ்வோர் எண்ணும் தனித்தனி வரியில் வந்து விழும்.

இந்த நிரலின் உயிர் 'எண் <= வரி' என்ற பகுதியில் இருக்கிறது. முதல் வரியில் 1 எண், இரண்டாம் வரியில் 2, மூன்றாம் வரியில் 3. ஒரு வரியில் எத்தனை எண் வர வேண்டும் என்பதை அந்த வரியின் எண்ணே சொல்கிறது. அந்த இடத்தில் 'எண் <= 4' என்று எழுதிப் பாருங்கள். முக்கோணம் சதுரமாகிவிடும். 'எண் <= 5 - வரி' என்று எழுதினால் முக்கோணம் தலைகீழாகும். சுழற்சிகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. மாறியது அந்த ஓர் உறவு மட்டுமே.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இன்னொன்று உண்டு. உட்சுழற்சியில் 'எண்++' என்பதற்குப் பதிலாகக் கைதவறி 'வரி++' என்று எழுதிவிடுவார்கள். எண் 1ஐ விட்டு நகராது. வரி ஏறிக்கொண்டே போகும். திரை முழுக்க 1 1 1 1 என்று ஓடிக்கொண்டிருக்கும். பதற்றப்படாமல் கன்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள்.

அம்மா வைத்த புள்ளி

இவ்வளவையும் நான் தேர்வுக்கு முன்பே மனப்பாடமாக வைத்திருந்தேன். விளங்கியிருக்கவில்லை, அவ்வளவுதான். விளங்கியது 2005 பொங்கலுக்கு முந்தின இரவு.

வீட்டு வாசலுக்கு வெளியே பொது நடைபாதையில், தேக்காவிலிருந்து வாங்கி வந்த கோலப்பொடியோடு அம்மா உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் வாசற்படியில் மடிக்கணினியோடு அந்தப் பாழாய்ப்போன வைரத்தை மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோலம் தெரியாது. கற்றுக்கொள் என்று அம்மா சொன்னபோதெல்லாம், "இந்தக் காலத்தில் இது எதற்கு?" என்று தட்டிக்கழித்தவள் நான்.

"என்ன கோலம்மா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ஏழு புள்ளி, ஒண்ணு வரைக்கும், நேர்ப்புள்ளி" என்றார் நிமிராமலே.

அவர் முதலில் வைத்தது மேல் வரிசையை அல்ல, நடு வரிசையை. ஏழு புள்ளிகள். பிறகு அதற்கு மேலே ஐந்து, கீழே ஐந்து. அடுத்து மூன்று, மூன்று. கடைசியில் ஒன்று, ஒன்று. என் திரையில் வராத வைரம் தரையில் வந்துவிட்டது!

"ஏம்மா நடுவிலிருந்து ஆரம்பிக்கிறீங்க?"

"நடு சரியா இருந்தாத்தானே ரெண்டு பக்கமும் சரியா வரும்? நடுவை விட்டு எத்தனை வரிசை தள்ளிப் போறோமோ, அத்தனை ரெண்டு குறையும்."

நான் தேர்வில் ஏன் தோற்றேன் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் வரிசைகளை மேலிருந்து 1, 2, 3, 4 என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காம் வரிசை வரை எண்ணிக்கை கூடுகிறது, அதன்பின் குறைகிறது. ஒரே சூத்திரத்தில் அடங்கவில்லை. அம்மாவோ நடுவிலிருந்து தூரத்தை எண்ணினார். அந்தக் கணக்கில் மேலும் கீழும் ஒன்றே.

கணினியால் அம்மாவைப் போல நடுவில் தொடங்கி மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைக்க முடியாது. அச்சிட்ட வரிக்கு மேலே அது திரும்பப் போகாது. மேலிருந்து கீழாக மட்டுமே வரும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் நின்று, 'நான் நடுவிலிருந்து எவ்வளவு தூரம்?' என்று கேட்டுக்கொள்ளலாம். 7 வரிகளில் நடு 4ஆவது. ஆகவே தூரம் என்பது 4இலிருந்து வரியின் எண்ணைக் கழித்து, விடையில் கழித்தல் குறி வந்தால் அதை நீக்கினால் கிடைப்பது. குறியை நீக்க ஜாவாவில் 'மேத்.ஆப்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது.

வரி 1: தூரம் 3, புள்ளி 1
வரி 2: தூரம் 2, புள்ளி 3
வரி 3: தூரம் 1, புள்ளி 5
வரி 4: தூரம் 0, புள்ளி 7
வரி 5: தூரம் 1, புள்ளி 5
வரி 6: தூரம் 2, புள்ளி 3
வரி 7: தூரம் 3, புள்ளி 1

புள்ளி = 7 - 2 * தூரம். அம்மா சொன்ன "அத்தனை ரெண்டு குறையும்" என்பது இதுதான்.

சாய்ந்த வைரம்

உடனே நிரலை எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் எண்களுக்கு முன்னால் தூரத்துக்குத் தக்கபடி வெற்றிடம் விட வேண்டும் அல்லவா? தூரம் எத்தனையோ அத்தனை வெற்றிடம் விட்டேன். எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் வைரம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

மடிக்கணினியைத் திருப்பி அம்மாவிடம் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு ரெண்டா குறைச்சா ஒரு முழுப்புள்ளி தள்ளி ஆரம்பிக்கணும். நீ அரைப்புள்ளிதான் தள்ளியிருக்கே. அது ஊடுபுள்ளிக்குத் தள்ளுறது" என்றார்.

என் நிரலில் ஓர் எண்ணும் அதன் பின்னுள்ள இடைவெளியும் சேர்ந்து இரண்டு எழுத்து அகலம். நான் விட்ட வெற்றிடமோ ஓர் எழுத்து அகலம்தான். அதாவது பாதி. அம்மா சொன்னபடியே அதை இரட்டிப்பாக்கினேன்.

இன்ட் நடு = 4;
ஃபார் (இன்ட் வரி = 1; வரி <= 7; வரி++) {
    இன்ட் தூரம் = மேத்.ஆப்ஸ்(நடு - வரி);
    ஃபார் (இன்ட் இடம் = 1; இடம் <= தூரம்; இடம்++) {
        சிஸ்டம்.அவுட்.பிரின்ட்("  ");
    }
    ஃபார் (இன்ட் எண் = 1; எண் <= 7 - 2 * தூரம்; எண்++) {
        சிஸ்டம்.அவுட்.பிரின்ட்(எண் + " ");
    }
    சிஸ்டம்.அவுட்.பிரின்ட்எல்என்();
}

விளைவு:

      1
    1 2 3
  1 2 3 4 5
1 2 3 4 5 6 7
  1 2 3 4 5
    1 2 3
      1

இங்கே வெளிச்சுழற்சிக்குள் இரண்டு உட்சுழற்சிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது வெற்றிடத்துக்கு, இரண்டாவது எண்களுக்கு. இரண்டையும் ஆள்வது 'தூரம்' என்ற ஒரே மாறி. மொத்தம் 25 எண்கள். மேலிருந்து நடு வரை 1 + 3 + 5 + 7 = 16, அதற்குக் கீழே 5 + 3 + 1 = 9. நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்து 25!

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். எண்கள் 9ஐத் தாண்டினால் ஈரிலக்கமாகி அகலம் மாறிவிடும். வடிவம் கலையும். அப்போது 'பிரின்ட்எஃப்' என்ற கட்டளையால் ஒவ்வோர் எண்ணுக்கும் சமமான அகலம் ஒதுக்கி, வெற்றிடத்தையும் அதே அகலத்துக்கு மாற்ற வேண்டும்.

ஊடுபுள்ளி

அம்மா சொன்ன ஊடுபுள்ளியையும் விடவில்லை. நேர்ப்புள்ளியில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் மேலே புள்ளி வரும். ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள சந்தில் அடுத்த வரிசைப் புள்ளி வரும். கோலப் புத்தகங்களில் 'ஏழு புள்ளி, நான்கு வரை, ஊடுபுள்ளி' என்று போட்டிருந்தால், நடுவில் ஏழு வைத்து இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து நான்கில் நிறுத்த வேண்டும் என்று பொருள்.

மேலே உள்ள நிரலில் இரண்டே மாற்றங்கள் போதும். 'எண் <= 7 - 2 * தூரம்' என்பதை 'எண் <= 7 - தூரம்' என்று மாற்றுங்கள். வெற்றிடத்தை ஓர் எழுத்து அகலமாகக் குறையுங்கள்.

   1 2 3 4
  1 2 3 4 5
 1 2 3 4 5 6
1 2 3 4 5 6 7
 1 2 3 4 5 6
  1 2 3 4 5
   1 2 3 4

அறுகோணம் வந்துவிட்டது. மொத்தம் 37. சற்று முன் நான் செய்த பிழையான அரை நகர்வே இங்கே சரியான விடையாகிவிட்டது பாருங்கள். 'ஏழு, நான்கு வரை, ஊடுபுள்ளி' என்ற நான்கு சொற்களில் ஒரு நிரலுக்கு வேண்டிய அத்தனை விவரங்களும் அடங்கியிருக்கின்றன. எங்கிருந்து, எதுவரை, எவ்வளவு குறைத்து, எவ்வளவு நகர்த்தி.

தாம்பரத்தில் நடந்த ஆராய்ச்சி

கோலத்தையும் கணினியையும் நானாக முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சென்னையை அடுத்த தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவருடைய துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1970களிலேயே இதில் ஆராய்ச்சி செய்தவர்கள். எண்களையும் எழுத்துகளையும் வரிசை வரிசையாக அடுக்கிப் படங்களை உருவாக்குவதற்கான இலக்கண விதிகளை 1972இல் வெளியிட்டார்கள். ஒரு சொற்றொடருக்கு இலக்கணம் இருப்பது போல ஒரு படத்துக்கும் இலக்கணம் உண்டு என்பது அவர்கள் கருத்து. அந்த விதிகளில் முதலில் ஒரு வரிசை கிடையாக உருவாகும். பிறகு அதிலுள்ள ஒவ்வொன்றும் செங்குத்தாக வளரும். 1974இல் அத்தகைய இலக்கணத்தைக் கோலத்துக்கே பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள்.

2002இல் மார்சியா ஆஷர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 'அமெரிக்கன் சயின்டிஸ்ட்' இதழில் கோலமரபின் கணிதத்தைப் பற்றி எழுதினார். என் அம்மா வாசலில் செய்ததை உலகம் கணினி அறிவியல் என்று ஏற்றுக்கொண்டு வெகுகாலமாகிவிட்டது. பக்கத்திலேயே இருந்த நான்தான் அறியாமல் இருந்தேன்.

மூன்று கேள்விகள்

இனி எந்த எண் வடிவம் வந்தாலும், விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். மொத்தம் எத்தனை வரி? ஒவ்வொரு வரியிலும் எத்தனை வெற்றிடம், எத்தனை எண்? அந்த எண்ணிக்கைக்கும் வரியின் எண்ணுக்கும் என்ன உறவு? முதல் விடை வெளிச்சுழற்சி. இரண்டாவது விடை உட்சுழற்சிகள். மூன்றாவது விடைதான் நிரலின் உயிர். அது கிடைக்கவில்லை என்றால், வரியை மேலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டு வேறோர் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்.

இன்று கேட்ட நொடியில் நிரலை எழுதிக் கொடுக்கும் செயலிகள் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அன்று எனக்கு அந்தச் சீனியரின் குறிப்பேடு செய்ததையே இன்று உங்களுக்கு அவை செய்துவிடக் கூடும். விடை கையில் இருக்கும், விளக்கம் இருக்காது. வடிவம் சற்று மாறினாலும் கை நின்றுவிடும். வைரம் சாய்ந்தபோது ஏன் சாய்ந்தது என்று சொல்ல ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று அது என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அந்த விண்ணப்பப் படிவத்தை நான் கொடுக்கவே இல்லை. வீடு மாறும்போது பழைய புத்தகம் ஒன்றிலிருந்து அது அம்மாவின் கையில் விழுந்தது. விவரத்தைச் சொன்னேன். "அன்னைக்கே கேட்டிருந்தா பரீட்சைக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்திருப்பேனே" என்றார். உண்மைதான். அவரிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் கட்டுரையைப் படித்த கையோடு 'ஒன்பது புள்ளி, ஐந்து வரை, ஊடுபுள்ளி' என்பதை நிரலாக எழுதிப் பாருங்கள். கோலம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 61 எண்கள் வர வேண்டும். வராவிட்டால், முதலில் நடு வரிசையைச் சரிபாருங்கள்.